எடிஸ்டோனைத் தாங்கியது ஓக் மரமல்ல, சுண்ணாம்பு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடல் நடுவே கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்றைப் பற்றித் தமிழில் அரைப் பக்கம் எழுதியதே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அதிலுள்ள இரண்டு செய்திகள் திருத்தப்பட வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் ஓக் மரத்தின் அடிப்பகுதியைப் பார்த்து வடிவம் அமைத்ததால்தான் கோபுரம் புயலைத் தாங்கியது என்பது ஒன்று. இது பாதி உண்மை. நூற்றிருபது ஆண்டுகளில் கோபுரம் தளர்ந்துபோய் இடிக்கப்பட்டது என்பது மற்றொன்று. இது தவறு. தளர்ந்தது கோபுரமல்ல, அதன் காலடியில் இருந்த பாறை.

ஓக் மரக் கதை ஸ்மீட்டனே எழுதிவைத்தது என்பதால் அதைப் பொய் என்று தள்ள முடியாது. அடி பருத்து, வளைந்து குறுகி மேலேறும் வடிவத்துக்கு அவர் சொன்ன உவமை அது. ஆனால் மரம் நிற்பது வேரின் பிடியால். கல் கோபுரம் நிற்பது தன் எடையால். ஸ்காட்லாந்தில் ஸ்கெரிவோர் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஆலன் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த உவமை பொருந்தாது என்று எடுத்துக்காட்டினார். உவமை மனத்தில் பதிந்துவிட்டதால் ஸ்மீட்டன் உண்மையில் செய்த வேலை மறைந்துபோனது. அந்த வேலையைத்தான் மாணவர்கள் அறிய வேண்டும்.

எடிஸ்டோன் பாறைகள் தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில் கடலுக்குள் இருக்கின்றன. உயர் ஓதத்தில் (கடல்நீர் ஏறும் வேளையில்) பெரும்பகுதி மூழ்கிவிடும். அட்லாண்டிக் பேரலை எந்தத் தடையும் இல்லாமல் வந்து மோதும் இடம். ஸ்மீட்டனுக்கு முன்பு இருவர் அங்கே கட்டினார்கள். ஹென்றி வின்ஸ்டன்லி கட்டிய விளக்கு 1698 நவம்பரில் ஒளிர்ந்தது. முதல் குளிர்காலத்திலேயே சேதம் தெரிந்ததால், மறு ஆண்டு சுற்றிலும் நான்கடி கனம் கூட்டி, உயரத்தையும் ஏற்றினார். ஆனால் மேற்பகுதி முழுவதும் மரம். மூலைகளும் மாடங்களும் நிறைந்து காற்றைத் தடுத்துப் பிடிக்கும் அமைப்பு. 1703 நவம்பர் பெரும்புயலில் கட்டடமும் போயிற்று, அன்றிரவு அதில் தங்கியிருந்த வின்ஸ்டன்லியும் போனார்.

அடுத்து வந்தவர் ஜான் ரட்யர்டு, பட்டு வணிகர். அவர் மூலைகளையெல்லாம் நீக்கிக் கூம்பு வடிவத்தில் கட்டினார். பாறையில் மேலே குறுகி உள்ளே அகலும் குழிகளை வெட்டி, அவற்றில் இரும்புக் கம்பிகளை இறக்கினார். குழிக்குள் முதலில் உருக்கிய கொழுப்பை ஊற்றி, அதன்மேல் உருகிய வெள்ளீயக் கலவையைச் சரித்தார். கனமான உலோகம் அடியில் இறங்க, கொழுப்பு மேலே வழிந்து வெளியேறும். சந்துகளில் படிந்த கொழுப்பு உப்புநீரை இரும்பிடம் அண்டவிடாது. உள்ளே கருங்கல்லை அடுக்கிப் பாரம் ஏற்றினார். கடல் அந்தக் கோபுரத்தை வெல்லவில்லை. 1755 டிசம்பர் 2 அன்று உச்சியில் விளக்குக் கூண்டில் பிடித்த தீ, மரக் கோபுரத்தை மேலிருந்து கீழாக எரித்து இறக்கியது. ஆக, ஸ்மீட்டனுக்குக் கிடைத்த பாடங்கள் இரண்டு: மரம் கூடாது, எடை வேண்டும்.

எடை வேண்டுமென்றால் கல். அதில் ஒரு சிக்கல். கரையில் கட்டும்போது சாந்து இறுகும்வரை கல்லை யாரும் அசைப்பதில்லை. எடிஸ்டோனில் காலையில் வைத்த கல்மேல் சில மணி நேரத்தில் ஓதம் ஏறிவிடும். பச்சைச் சாந்தைக் கடல் கழுவும், கல்லைப் புரட்டவும் பார்க்கும். எனவே அவர் தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டாயின. சாந்து இறுகும்வரை கல்லை எது பிடித்திருக்கும்? நீருக்கடியிலும் இறுகும் சாந்து எது?

முதல் கேள்விக்கு விடை தச்சர்கள் நன்கறிந்த புறாவால் மூட்டு; புறாவின் வால்போல் நுனி விரிந்த முனையை அதே வடிவப் பள்ளத்தில் கோப்பது. பாறை தென்மேற்குப் பக்கம் சரிந்திருந்தது. அதைச் சமதளமாகச் செதுக்கித் தள்ளாமல் ஆறு படிகளாக வெட்டினார். ஒவ்வொரு படியின் முகத்திலும் புறாவால் வடிவில் பள்ளம் வெட்டி, அதில் பொருந்தும் வாலைக் கல்லில் செதுக்கினார். கீழ் ஆறு வரிகளும் (கல் அடுக்குகளும்) முழு வட்டமல்ல. சரிவை நிரப்பிப் பாறையின் உச்சிமட்டத்துக்குக் கொண்டுவரும் பகுதி வரிகள். ஏழாவது வரிதான் முதல் முழு வட்டம். அதன் நடுவே ஒரு பெரிய கல். நான்கு புறமும் அதற்கு வால். அவற்றில் நான்கு கற்கள் கோத்துக்கொள்ளும். அவற்றைச் சுற்றி அடுத்த வட்டம், அதற்கும் வெளியே இன்னொன்று. நடுக்கல்லை எடுக்காமல் சுற்றுக்கல்லைப் பிடுங்க முடியாது. நடுக்கல்லோ சுற்றுக்கற்களின் பிடியில் இருக்கிறது. ஒரு வரி முழுவதும் ஒரே கல்லாகிவிடுகிறது.

வரிக்குள் கோத்தாயிற்று; ஒரு வரி மற்றொன்றின்மேல் நழுவக்கூடாதே? அதற்குப் பளிங்கு முளைகள். நடுவில் ஒரு பெரிய முளை. அதைச் சுற்றி ஓரடிக் கனசதுரமாக எட்டு. ஒவ்வொன்றும் பாதி கீழ்வரியில் புதைந்திருக்கும், பாதி மேல்வரிக்குள் ஏறியிருக்கும். இரும்பை ஏன் வைக்கவில்லை என்று நம் மாணவர்கள் கேட்கலாம். உப்புநீரில் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் கல்லைப் பிளக்கும். கடலோர வீடுகளில் கான்கிரீட் கூரை பெயர்ந்து விழுவதும் இதனால்தான்.

ஒரு கல்லை வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கல்லும் ஒன்றிலிருந்து இரண்டு டன் வரை எடை. கப்பிகள் கட்டிய மரக்கால்களால் தூக்கி, முதலில் சாந்து இல்லாமலே இறக்கிப் பொருத்தம் பார்ப்பார்கள். மீண்டும் தூக்கிச் சாந்து விரித்து இறக்கி, மரச் சம்மட்டியால் தட்டி மட்டம் சேர்ப்பார்கள். கல்லின் பக்கங்களில் மூன்றங்குல அகலத்தில் ஒரு காடி (நீள் பள்ளம்) உண்டு. அதில் ஓக் மர ஆப்புகளை ஒன்று தலைகீழாகவும் ஒன்று நேராகவும் இணையாக இறக்கினால் கல் பக்கவாட்டில் இறுகும். கல்லில் முன்பே துளைத்த இரண்டு துளைகள் வழியே ஓக் முளைகளைக் கீழ்வரிக்குள் அடித்தால் மேலே கிளம்பாது. பிறகு இணைப்புகளில் நீர்த்த சாந்தை ஊற்றுவார்கள். அலை படும் வாய்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு பூசி மூடுவார்கள். அது நிமிடங்களில் இறுகும். நீரில் நெடுநாள் நிற்காது. நெடுநாள் நிற்கத் தேவையும் இல்லை. உள்ளே சாந்து இறுகும்வரை காத்தால் போதும். ஆப்பும் மர முளையும்கூட அப்படித்தான். மரம் பின்னாளில் மட்கினாலும் நட்டமில்லை, அதற்குள் சாந்து பொறுப்பேற்றுக்கொண்டிருக்கும். எந்தப் பொருள் எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்து வேலை கொடுத்த இந்த அறிவை நான் வியக்காத நாளில்லை.

பாறைமேல் நின்று வேலை செய்யக் கிடைத்ததோ, கடல் அடங்கிய கோடை நாட்களில் ஓதம் வற்றும் சில மணி நேரங்கள் மட்டுமே. அங்கே நின்று கல்லைத் திருத்திச் செதுக்க நேரமிருக்காது. அதனால் பிளிமத்தின் மில்பே பகுதியில் வேலைமுற்றம் அமைத்து, ஒவ்வொரு வரியையும் அங்கே மேடைமேல் முழுதாகக் கூட்டிப் பார்த்து, குறியிட்டு, பிரித்துப் படகேற்றினார். ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து முறைவைத்து அனுப்பினார். பாறைக்கு அருகே நங்கூரமிட்ட கப்பலில் அவர்கள் தங்கினார்கள். கடற்படைக்கு ஆட்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லும் காலம் அது. தம் தொழிலாளர் அதில் சிக்காமலிருக்க அடையாள வில்லைகள் வழங்கப்பட்டன. 1757 ஜூன் 12 அன்று முதல் கல். 1759 அக்டோபர் 16 அன்று விளக்கு. கற்கள் ஏறத்தாழ 1,500. அடியில் 26 அடி விட்டம். ஒளி தந்தவை 24 மெழுகுவர்த்திகள்!

கல் தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. உட்புறத்துக்குச் செதுக்க எளிதான போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல். வெளிமுகத்துக்கும் அடித்தளத்துக்கும் கார்ன்வால் கருங்கல். போர்ட்லாந்துக் கல்லைத் துளைத்துக் குடியிருக்கும் சிப்பி வகை ஒன்று கடலில் உண்டு. கருங்கல்லை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே அறைகளின் தளங்கள் வளைவுக் கட்டுமானம் என்பதால் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத் தளமட்டத்தில் சுற்றிலும் காடி வெட்டி, இரும்புச் சங்கிலி பதித்து, உருகிய ஈயத்தை ஊற்றி மூடினார். இங்கே இரும்பு வந்தாலும் ஈயத்துக்குள் அடைபட்டிருக்கிறது, கவனியுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி, தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத சுண்ணாம்பு.

சுத்தமான சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. நீருக்கடியில் அந்த வாயு போதிய அளவு எட்டாது. ஆண்டுக்கணக்கில் களியாகவே கிடக்கும், மெல்லக் கரைந்தும் போகும். எவ்வளவு கடினமான கல்லைச் சுடுகிறோமோ அவ்வளவு கடினமான சுண்ணாம்பு கிடைக்கும் என்பது ரோமானியர் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. ஸ்மீட்டன் அதை நம்பிவிடாமல் 1756இல் பல ஊர்ச் சுண்ணாம்புகளை வரவழைத்துச் சோதித்தார். சோதனை மிக எளியது. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்த நீரில் பிசைந்து, இரண்டங்குல உருண்டையாகப் பிடித்து, விரலழுத்தத்துக்கு இடம் கொடுக்காத பதம் வந்ததும் நீரில் போடுவது. கடினமான கல்லின் சுண்ணாம்பும் மென்மையான சாக்குக்கல்லின் (chalk) சுண்ணாம்பும் ஒன்றுபோலக் குழைந்துபோயின. வேல்ஸ் கரையிலுள்ள அபெர்தாவின் நீலநிறச் சுண்ணாம்புக்கல் மட்டும் நீருக்குள் இறுகியது.

காரணம் தேடி அந்தக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். சுத்தமான சுண்ணாம்புக்கல் முழுவதும் கரையும். இதில் வண்டல் மிஞ்சியது. அந்த வண்டலை உருண்டையாக்கிச் சுட்டபோது செங்கல் போலச் சிவந்தது. அது களிமண்! சுண்ணாம்புக்கல்லோடு இயல்பாகவே கலந்திருக்கும் களிமண், சூளையில் சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரைச் சேர்த்துக்கொண்டு இறுகும் பொருளாக மாறுகிறது. அதற்குக் காற்று தேவையில்லை. கல்லின் கடினம் அல்ல, அதிலுள்ள களிமண்தான் காரணம் என்று சோதனை செய்து காட்டியவர் ஸ்மீட்டன். இன்று நாம் பயன்படுத்தும் சிமெண்டின் வேர் இங்கே இருக்கிறது.

அபெர்தா சுண்ணாம்போடு இத்தாலியின் சிவிட்டாவெக்கியாவிலிருந்து வந்த பொசோலானா என்னும் எரிமலைச் சாம்பல்மண்ணைச் சரிபாதி அளவில் சேர்த்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கென்று வரவழைத்து, அங்கே விலைபோகாத சரக்கு ஒன்று பிளிமத் வணிகரிடம் இருந்தது; அது எடிஸ்டோனுக்குப் போயிற்று. உப்புநீரில் பிசைந்தாலும் பலம் குறையவில்லை என்பதையும் சோதித்து அறிந்தார். பாறைமேல் வேலையாட்கள் தொட்டிகளில் சாந்தை இடித்து இடித்துப் பதப்படுத்தினார்கள். நம் ஊர்ப் பழைய கொத்தனார்கள் உரலில் இட்டு இடித்ததும், செக்கில் அரைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். நீரைக் கூட்டி எளிதாகக் குழைத்த சாந்து உலரும்போது சுருங்கி வெடிக்கும். குறைந்த நீரில் இடித்த சாந்து வெடிக்காது.

அந்தக் கோபுரத்தின் முடிவுக்கு வருகிறேன். 1870களில் ஆய்வு செய்தபோது கோபுரத்தின் அடியிலிருந்த நைஸ் (gneiss) வகைப் பாறையைக் கடல் கீழிருந்து குடைந்திருந்தது. பேரலை மோதும்போதெல்லாம் கோபுரம் ஆடியது. இன்னொரு குறையும் இருந்தது. ஓக் மரக் கதையைச் சொல்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அடியில் வளைந்து விரியும் அந்தப் புகழ்பெற்ற வடிவம், வந்து மோதும் அலைக்குச் சறுக்குமரமாகி, நீரை மேலே ஏற்றிவிட்டது. புயல் நாட்களில் அலை விளக்குக் கூண்டையே மூடியது.

பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் புதிய கோபுரம் கட்டியபோது இதைத்தான் மாற்றினார். அடியில் 44 அடி விட்டமும் 22 அடி உயரமும் கொண்ட நேரான உருளை மேடை. அலை அதில் மோதிச் சிதறும், ஏறாது. அதற்குமேல்தான் வளைவு தொடங்குகிறது. கற்கள் 2,171, வரிக்குள் மட்டுமல்லாமல் மேல்கீழாகவும் புறாவால் கோப்பு. ஸ்மீட்டனின் ஒளி உயர் ஓத மட்டத்துக்கு 72 அடி மேலே இருந்தது. டக்ளஸின் ஒளி 133 அடி. பாறையில் ஓதமட்டத்துக்குக் கீழே அடித்தளம் வெட்டுவதற்குச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு தடுப்புச்சுவர் எழுப்பி உள்ளிருந்த நீரை இறைத்தார். ஸ்மீட்டன் கண்ட களிமண் உண்மையிலிருந்து வளர்ந்த பொருள், அவருடைய கோபுரத்தின் வாரிசுக்கு அடித்தளமிட உதவியது. 1882 மே 18 அன்று புதிய விளக்கு ஏற்றப்பட்டது. இன்றும் எரிகிறது.

பழைய கோபுரத்தை யாரும் இடித்துத் தள்ளவில்லை. மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்துக் கரைக்குக் கொண்டுவந்து, பிளிமத் ஹோ மேட்டில் புதிய அடிப்பகுதிமேல் மீண்டும் எழுப்பினார்கள். 1884 முதல் அங்கே நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம். கீழ்ப்பகுதி மட்டும் பாறையிலேயே விடப்பட்டது. புதிய கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த அடிக்கட்டை இன்றும் அலை வாங்கிக்கொண்டு நிற்கிறது. 1757 முதல் வைத்த கற்கள் அவை.

இதில் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்மீட்டன் தொடங்கிய ஆராய்ச்சியைப் பிரான்சின் பொறியாளர் லூயி விக்கா முன்னெடுத்து, சுத்தமான சுண்ணாம்போடு களிமண்ணை அளந்து சேர்த்துச் சுட்டு, நீரில் இறுகும் சுண்ணாம்பைச் செயற்கையாகவே செய்து காட்டினார். அவருடைய நூலைத் தம் குறிப்புகளோடு 1837இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் சென்னைப் பொறியாளர் படையின் கேப்டன் ஜே. டி. ஸ்மித். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 125 அடி உயரத்துக்கு நிற்கும் கல்தூண் வடிவிலான பழைய கலங்கரை விளக்கத்தை வடிவமைத்தவரும் அவரே. 1844இல் ஏற்றிய அந்த விளக்கு, 1894இல் ஒளி நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கு மாறும்வரை எரிந்தது. எடிஸ்டோன் பற்றிய கட்டுரையில் இந்தத் தூணின் படம் ஒன்றைச் சேர்த்திருந்தால் சென்னைப் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கத் துடித்திருப்பார்கள்.

மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிடும்போது ஸ்மீட்டனின் உருண்டைச் சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யலாம். தாளித்து (நீர் தெளித்து நீற்றி) ஆறிய கிளிஞ்சல் சுண்ணாம்புப் பொடி போதும். சூளையிலிருந்து வந்த சுட்ட சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. நீர் பட்டால் கொதிக்கும், கண்ணைக் கெடுக்கும். தாளித்ததும் காரம் உடையதே, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பை மட்டும் பிசைந்து ஓர் உருண்டை. அதே சுண்ணாம்போடு, அளவாக வெந்த நாட்டுச் செங்கல்லை மாவாக இடித்துச் சலித்த சுர்க்கியைச் சரிபாதி சேர்த்து இன்னோர் உருண்டை. சுர்க்கி நொய்யாக இருந்தால் வினை நடக்காது. துணியில் சலிக்கும் அளவுக்கு நயமாக வேண்டும். அதிகம் வெந்து கறுத்த செங்கல்லும் ஆகாது. இரண்டையும் ஈரச்சாக்கில் மூடிச் சில நாள் வைத்து, விரலுக்கு இறுகியதும் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீரில் இட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் களிமண் இல்லை; அது குழையும். சுர்க்கி சேர்ந்தது நாளாக ஆக இறுகும். இரண்டு வாரம் கழித்துக் குச்சியால் குத்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கட்டுமானப் பொறியாளர் (ஓய்வு),
நாகப்பட்டினம்.